‘தம்பி, இது விரியுதில்லையே’

(திருகோணமலையில் மாணவர்களும் அலுவலர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

 

இன்று நான் பேச வந்த பொருள் மிகச் சிறியது. இணையப் பக்கத்தின் மேல்விளிம்பில் ‘சேவைகள்’ என்று ஒரு சொல் இருக்கும். அதன்மேல் மவுஸை வைத்தால், அல்லது விரலால் தொட்டால், கீழே ஒரு பட்டியல் இறங்கும். பிறப்புப் பதிவு, காணி, ஓய்வூதியம் என்று வரிவரியாக இறங்கும். இதைத்தான் கீழ்விரி பட்டி என்கிறோம். ‘ட்ரொப்டவுன் மெனு’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். இதற்கு ஒரு மண்டபமா, இதற்கு ஒரு மாலைப்பொழுதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு பெரியவர் எனக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டார்.

2005ஆம் ஆண்டளவில் ஒரு சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். என் வீட்டுக் கணினியில் அப்போது புதிதாக வந்திருந்த பயர்பொக்ஸ் உலாவி. அதில் என் பட்டி அழகாக விரிந்தது, அழகாக மூடியது. ஒரு நாள் பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போனேன். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்த ஒரு பெரியவர் அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் என் தளம். ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தேடுகிறார். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, மேல அமத்துறன், கீழ ஒண்டும் வரேல்லையே. இது விரியுதில்லையே.”

அந்தக் கணினியில் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. நான் ஒரு நாளும் அதில் திறந்து பார்த்ததில்லை. அவர் தேடிய படிவம் அந்தப் பட்டிக்குள் இருந்தது. அதற்குப் போக அந்தப் பக்கத்தில் வேறு வழியே நான் வைத்திருக்கவில்லை. லோஞ்சுக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்து போய்விட்டார். காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சபையோர்களே, அவர் போன பிறகு அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இந்தச் சிறிய பொருள் எனக்குச் சிறிதாகத் தெரிந்ததில்லை.

அது ஏன் விரியவில்லை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1997ஆம் ஆண்டில் இரண்டு கப்பல்கள் ஒரே கடலில் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று நெட்ஸ்கேப் 4. மற்றது மைக்ரோசொப்டின் எக்ஸ்ப்ளோரர் 4. பக்கத்தில் ஒரு பகுதியை மறைக்கவும் காட்டவும் இரண்டும் வழி தந்தன. ஆனால் ஒன்றின் வழி மற்றதற்குப் புரியாது. ஒரே பட்டிக்கு இரண்டு முறை நிரல் எழுதினோம். வந்திருப்பது யார் என்று முதலில் கேள், இவர் என்றால் இந்த வழி, அவர் என்றால் அந்த வழி. நெட்ஸ்கேப்பில் சன்னலின் அளவைக் கொஞ்சம் மாற்றினாலே பக்கத்தின் அலங்காரம் முழுவதும் கலைந்துவிடும். அதற்காகப் பக்கத்தை மறுபடி ஏற்ற இன்னொரு நிரல் எழுதினோம். களைத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘இந்தத் தளத்தை இன்ன உலாவியில், இன்ன அளவுத் திரையில் பார்க்கவும்’ என்று பக்கத்தின் அடியில் ஒரு பலகை தொங்கவிட்டார்கள்.

நமது துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. தோணியும் வந்தது, பாய்மரமும் வந்தது, போர்க்கப்பலும் வந்தது. ‘இன்ன கம்பனிக் கப்பல் மட்டும் உள்ளே வரலாம்’ என்று வாயிலில் பலகை தொங்கினால் அதைத் துறைமுகம் என்று யார் சொல்வார்கள்? இணையமும் அப்படித்தான் பிறந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் முதல் தளத்தைத் திறந்தபோது, எந்தக் கணினியும் எந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அந்த உயிரை ஒரு பலகையால் மூட நமக்கு உரிமை உண்டா?

தமிழ்த் தளம் செய்தவர்களுக்கு அந்த நாட்களில் சுமை இரட்டிப்பு. எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை எழுத்துருக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை. இரண்டையும் செய்து ஏற்ற வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய நாட்கள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பக்கம் முழுக்கத் தமிழ் அழகாக வரும், படிவத்தில் உள்ள கீழ்விரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். காரணம், பக்கத்துக்குச் சொன்ன எழுத்துருவைப் படிவப் பெட்டிகள் தாமாக எடுத்துக்கொள்வதில்லை. அவற்றுக்குத் தனியே சொல்ல வேண்டும். யுனிகோட் வந்து எழுத்துக் குவியலை ஒழித்தது. ஆனால் பெட்டிக்குத் தனியே எழுத்துருச் சொல்லும் பழக்கத்தை இன்றும் விடாதீர்கள். தமிழ் சிறுத்துத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான்.

இனி அந்தப் பெரியவரின் கணினிக்கு வருகிறேன். எக்ஸ்ப்ளோரர் 6 வெளிவந்தது 2001இல். அடுத்த பதிப்பு வந்தது 2006இல். ஐந்து ஆண்டுகள் உலகம் அந்த ஒரு உலாவியோடு மாரடித்தது. மவுஸ் மேலே வந்தால் நிறம் மாறு, விரி என்று சி.எஸ்.எஸ். மொழியில் சொல்லலாம். மற்ற உலாவிகள் பக்கத்தின் எந்த உறுப்புக்குச் சொன்னாலும் கேட்டன. எக்ஸ்ப்ளோரர் 6 இணைப்புச் சொற்களுக்கு மட்டும் கேட்டது. பட்டியல் வரிக்குச் சொன்னால் கேட்கவில்லை. நான் வரிக்குத்தான் சொல்லியிருந்தேன்.

அந்தச் சிக்கலை 2003 நவம்பரில் இருவர் அவிழ்த்திருந்தார்கள். பட்ரிக் கிரிபித்ஸ், டான் வெப். ‘எ லிஸ்ட் அபார்ட்’ என்ற இணைய இதழில் எழுதினார்கள். ‘சக்கர்பிஷ்’ என்று தங்கள் வழிக்குப் பெயர் வைத்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அந்த மீனைக் கண்டிருப்பீர்கள், சுறாவின் உடம்பில் ஒட்டிக்கொண்டே போகும். அவர்கள் செய்த பெரிய காரியம் என்ன? பட்டியை வெறும் பட்டியலாக எழுதினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சாதாரணப் பட்டியல். அதை சி.எஸ்.எஸ். கொண்டு மறைத்தார்கள், விரித்தார்கள். எக்ஸ்ப்ளோரருக்காக மட்டும் ஏறக்குறைய பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மேலே ஒட்டினார்கள். முன்பெல்லாம் நிரல்தான் பட்டி, நிரல் போனால் பட்டியும் போச்சு. இவர்களிடத்தில் பட்டியல்தான் பட்டி, நிரல் அதில் ஒட்டிக்கொண்ட மீன்.

பட்டியல்தான் பட்டி! இந்த மாலை நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடி இதுதான்.

இன்னொரு தொல்லையும் அந்த உலாவியில் இருந்தது. பட்டி கீழே இறங்கும், அதன் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் படிவப் பெட்டி மேலே வந்து நிற்கும். எந்த அடுக்கு எண் கொடுத்தாலும் இறங்காது. பட்டிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டகத்தை விரித்து அதை மறைத்தோம். அந்தக் கஷ்டம் இன்று இல்லை. அந்த உலாவிக் குடும்பத்துக்கே 2022 ஜூன் 15ஆம் திகதி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. கைக்கு வந்துவிட்டது.

மவுஸ் ஒரு சொல்லின் மேல் நிற்கலாம், அமத்தாமலே நிற்கலாம். விரலுக்கு அந்த நிலை உண்டா? விரல் ஒன்றில் தொடும், அல்லது தொடாது. மேலே நின்றால் விரி என்று எழுதிய பட்டிகள் கைத்தொலைபேசியில் என்ன செய்யும்? சில போன்களில் முதல் தொடுகைக்கு விரியும், இரண்டாம் தொடுகைக்குப் போகும். சிலவற்றில் தொட்டதும் வேறு பக்கத்துக்கு ஓடிவிடும். கிண்ணியாவில் ஓர் உம்மா தன் மகளின் பழைய போனை என்னிடம் நீட்டிச் சொன்னார்: “மகன், தொட்டா ஓடுது, தொடாட்டி ஒண்டுமில்ல.” இரண்டே வசனத்தில் முழுச் சிக்கலையும் சொல்லிவிட்டார்! பட்டிக்கு மேலே நிற்கும் தாய்ச் சொல்லைத் தொட்டால் விரிவது ஒரு வேலை, வேறு பக்கத்துக்குப் போவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சொல்லின் தலையில் கட்டாதீர்கள். சொல் ஒரு பக்கம் இருக்கட்டும், விரிக்கும் பொத்தான் அதன் அருகில் தனியாக இருக்கட்டும்.

மவுஸ் உள்ளவருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. பழைய ஜெட்டியில் லோஞ்சுக்கு ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜெட்டிக்கும் லோஞ்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. ஒரு கால் ஜெட்டியில், ஒரு கால் லோஞ்சில். அந்த நொடியில் லோஞ்சு நகர்ந்தால்? தாய்ச் சொல்லுக்கும் கீழே இறங்கிய பட்டிக்கும் நடுவில் இரண்டு புள்ளி இடைவெளி விட்டால் அதேதான் நடக்கும். மவுஸ் அந்த இடைவெளியைத் தாண்டும்போது, ஆள் போய்விட்டார் என்று பட்டி மூடிக்கொள்ளும். கை நடுங்கும் வயதானவருக்கு அந்தப் பட்டி ஒரு நாளும் கிட்டாது. பக்கவாட்டில் விரியும் துணைப் பட்டிக்குக் கோணலாகப் போகும்போதும் இப்படித்தான், வழியில் இருக்கும் அடுத்த வரி திறந்துகொள்ளும். ஆப்பிள் மக்கின்டொஷுக்காக இதை 1980களிலேயே சிந்தித்தவர் புரூஸ் டொக்னசினி. மவுஸ் துணைப் பட்டியை நோக்கிப் போகிற திசையைக் கவனித்து, அந்தக் கோணத்துக்குள் இருக்கும்வரை பட்டியைத் திறந்தே வைத்தார். இணையம் அதை மறந்து, பிறகு கற்றுக்கொண்டது. இடைவெளி விடாதீர்கள். மூடுவதற்கு முன் அரை நொடி பொறுங்கள். லோஞ்சுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் நில்லுங்கள்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். இங்கேதான் என் மனம் அதிகம் நிற்கிறது.

1987இல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு ஏற்றது. ஆகவே அரச தளம் என்றால் மூன்று மொழி: சிங்களம், தமிழ், ஆங்கிலம். ஆனால் பட்டி எந்த மொழியில் வரையப்படுகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். ‘ஹோம்’ என்ற குட்டிச் சொல்லுக்கு அகலம் அளந்து, உயரம் அளந்து, பூட்டிவிட்டு, கடைசி வாரம் தமிழை ஊற்றுவார்கள். தமிழ் வழிந்து ஓடும்.

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டவுன் அண்ட் கிரவெட்ஸ்’. தமிழில் ‘பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்’. இதை ஆங்கிலத்துக்கு வெட்டிய பெட்டிக்குள் திணித்தால் இரண்டு வரியாக உடையும், இரண்டாம் வரி அடுத்த சொல்லின் மேல் ஏறும். உயரத்தைப் பூட்டி, மிஞ்சுவதை மறை என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். தமிழுக்குத் தலையில் புள்ளி உண்டு, விசிறி உண்டு. பெட்டி உயரம் போதாவிட்டால் முதலில் அறுபடுவது புள்ளி. ‘சட்டம்’ என்ற சொல் ‘சடடம’ என்று நிற்கும். சிங்களத்துக்கும் தலைக்கு மேல் குறிகள் உண்டு, அவர்களுக்கும் இதே வெட்டு. உயரத்தைப் பூட்டாதீர்கள், மேலும் கீழும் இடம் விடுங்கள். அகலத்தைச் சொல் தீர்மானிக்கட்டும்.

இடம் போதாது என்று சிலர் நிரலால் வெட்டுவார்கள்: இத்தனை எழுத்துக்கு மேல் போனால் நறுக்கி மூன்று புள்ளி வை. கணினி எழுத்தை எப்படி எண்ணுகிறது? ‘திருகோணமலை’. நாம் எண்ணினால் ஆறு எழுத்து. யுனிகோட் குறிகளாக எண்ணினால் பத்து, உயிர்மெய்யின் குறியும் ஓர் எண்ணிக்கை. ஐந்தில் வெட்டினால் ‘திருக’ என்று நிற்கும், கோவின் கொம்பு போய்விடும். ஒன்பதில் வெட்டினால் ‘திருகோணமல’. பிறந்த ஊரின் பெயரைத் திரையில் இப்படிக் காணும்போது எனக்கு நோகிறது. உங்களுக்கும் நோகும்.

அடுக்கும் முறைக்கு வருவோம். படிவத்தில் ‘உங்கள் மாவட்டம்’ என்று கீழ்விரிப் பெட்டி. 25 மாவட்டங்கள். ஆங்கில அகரவரிசையில் நாம் 24ஆவது, வவுனியா மட்டும் நமக்குக் கீழே. பல படிவங்களில் சொல்லைத் தமிழாக்குவார்கள், வரிசையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார்கள். ‘தி’ எங்கே வரும் என்று தேடும் தமிழருக்கு அந்த வரிசையில் எந்தத் துப்பும் கிடைக்காது. தமிழ் நெடுங்கணக்கில் அடுக்கிப் பாருங்கள். அநுராதபுரம், அம்பாந்தோட்டை, அம்பாறை, இரத்தினபுரி என்று தொடங்கி வந்தால் திருகோணமலை 13ஆவது. சரி நடு! மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு. யாழ்ப்பாணம் 24ஆவது இடத்துக்குப் போகும்.

ஆனால் கணினியிடம் வெறுமனே ‘அடுக்கு’ என்று சொன்னால் நெடுங்கணக்குக் கிடைக்காது. யுனிகோட் குறியெண் வரிசையில் றகரம் ளகரத்துக்கு முன்னால் நிற்கிறது. அதனால் மாத்தளைக்கு முன்னால் மாத்தறை வந்து நிற்கும். எந்தத் தமிழ் அகராதியிலும் அப்படி இல்லை. இன்றைய உலாவிகளுக்குத் தமிழ் வரிசை தெரியும். ‘தமிழ் முறையில் அடுக்கு’ என்று மொழியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டோமா?

நமது மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு கீழ்விரி பட்டியில் பதினொன்றையும் இறக்கினால் நெடுக்காக வரும். பெரிய திரையில் எல்லாம் தெரியும். சிறிய திரையில், போனைக் குறுக்காகப் பிடித்தால், கீழ்வரிகள் திரைக்கு வெளியே போய்விடும். மேல்விளிம்போடு ஒட்டி நிற்கும் பட்டியாக இருந்தால் பக்கத்தை எவ்வளவு நகர்த்தினாலும் அவை மேலே வராது. அப்படி மறையும் கடைசி வரி எது? தமிழில் அடுக்கினாலும் ஆங்கிலத்தில் அடுக்கினாலும் ஒன்றுதான். வெருகல். மாவட்டத்தின் தெற்கு எல்லையில், ஆற்றங்கரையில் இருக்கும் வெருகல். மாவட்டச் செயலகத்துக்கு நேரில் வர அதிக தூரம் பயணம் செய்ய வேண்டியவர்களில் அவர்களும் சேர்வர். அவர்களுக்குத்தான் இந்தத் தளம் மிக வேண்டும். அவர்களின் ஊர்தான் திரைக்கு வெளியே தொங்குகிறது!

இந்தப் பட்டியை எழுதியவர் யாரையும் வெறுத்து எழுதவில்லை. தன் திரையில் பார்த்தார், பதினொன்றும் தெரிந்தன. நான் பயர்பொக்ஸில் பார்த்தேன், விரிந்தது. அதே பிழைதான். பட்டிக்கு உச்ச உயரம் வைத்து, அதற்குமேல் போனால் பட்டிக்குள்ளேயே நகரும்படி ஒரு வரி எழுதியிருந்தால் வெருகல் தெரிந்திருக்கும். ஒரே ஒரு வரி.

கண் தெரியாதவர்களும் இந்தத் தளங்களுக்கு வருகிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையைத் தமிழிலும் படித்துச் சொல்லும். அவர்கள் மவுஸ் பிடிப்பதில்லை, விசைப்பலகையில் டேப் விசையை அமத்தி அமத்திப் போகிறார்கள். மேலே நின்றால் மட்டும் விரியும் பட்டி அவர்களுக்கு ஊமை. பொத்தானில் ‘விரிந்திருக்கிறது’, ‘மூடியிருக்கிறது’ என்ற நிலையைக் குறித்து வையுங்கள், மென்பொருள் அதை வாயால் சொல்லும். எஸ்கேப் விசைக்குப் பட்டி மூட வேண்டும். 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல் வழிகாட்டி இதை விதியாகவே எழுதியிருக்கிறது: மேலே நின்றால் தோன்றுவது எதுவானாலும், மவுஸை நகர்த்தாமல் மூட முடிய வேண்டும், அதன்மேல் மவுஸைக் கொண்டுபோக முடிய வேண்டும், தானாக மறையக் கூடாது.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு தளம் செய்யும்போது முதலில் வெறும் பட்டியலை எழுதுங்கள். நிறமில்லை, நிரலில்லை, இணைப்புகள் மட்டும். அதைத் தமிழில் எழுதுங்கள், நீளமான பெயரை முதலில் எழுதுங்கள். அதை ஒரு பழைய போனில் திறந்து பாருங்கள். எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா? முடிந்தால் பட்டி ஆகிவிட்டது, மிச்சமெல்லாம் அழகு. தாய்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்கட்டும், உள்ளே இருப்பவை அந்தப் பக்கத்திலும் இருக்கட்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் நிரல் வந்து சேராவிட்டாலும் ஆள் போய்ச் சேருவார். 2024இலிருந்து பெரிய உலாவிகள் எல்லாம் ‘பொப்ஓவர்’ என்ற வசதியைத் தாமே தருகின்றன. வெளியே தொட்டால் மூடும், எஸ்கேப்புக்கு மூடும், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத சட்டகம் விரித்த எங்களுக்கு அது கனவு. பயன்படுத்துங்கள். அது இல்லாத உலாவியில் உங்கள் பட்டியல் பட்டியலாகவே நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இன்று பாலம் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் மிதவைப் பாதையில் ஏறிக் கடந்தவர்கள், மழையில் கரையில் காத்து நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அந்தப் பெரியவர் இன்று வந்தால் லோஞ்சுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அவர் இன்று கொமினிகேஷன் கடைக்கும் வர மாட்டார். வீட்டில் பேரப்பிள்ளையின் போனில் பார்ப்பார். விரியாவிட்டால் ‘தம்பி’ என்று திரும்பிச் சொல்ல அங்கே நான் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் மேசையில் ஏழு போன்களை வைத்திருக்கிறேன். எல்லாம் பலர் பாவித்து விட்டவை. இங்கே தளம் வைத்திருப்பவர்கள், தளம் செய்கிறவர்கள், தேநீர் குடித்த கையோடு அங்கே வாருங்கள். உங்கள் தளத்தை ஒவ்வொன்றிலும் திறந்து, பட்டியை விரித்து, கடைசி வரிவரை போய்ப் பார்ப்போம். இடது ஓரத்தில் இருப்பது கண்ணாடி வெடித்த போன், மேல் மூலையில் இரண்டு தரம் தொட்டால்தான் கேட்கும். அதிலிருந்து தொடங்குவோம்.